கரையில் கசிவு, விரிசல், அசையாத ஷட்டர்: அணையும் ஏரியும் காட்டும் அறிகுறிகளுக்கு என்ன செய்வது

ஐப்பசியில் நாலு மழை சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அங்குள்ள மோர்தானா அணையைப் பற்றி ஒரே கேள்விதான் ஓடும்: "மோர்தானா நிரம்பிடுச்சா?" நிரம்பிவிட்டால் வீடியோ, பூத்தூவல், கிடா வெட்டு. கரை எப்படி இருக்கிறது, மதகுப் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். உடைந்த அணைகளில் பலவும் உடைவதற்கு முன்னால் ஏதாவது ஒரு அடையாளத்தைக் காட்டிவிட்டுத்தான் உடைந்திருக்கின்றன. அந்த அடையாளங்களைப் பார்த்தால் என்ன செய்வது, முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அணைக்கும் பொருந்தும், ஊர் ஏரிக்கும் பொருந்தும். நம் பக்கத்தில் இரண்டும் ஒரே கால்வாயில் கோத்துக்கிடப்பவைதானே. மோர்தானா கால்வாயில் விடும் தண்ணீர்தான் நெல்லூர்பேட்டை ஏரிக்கும் போகிறது.

முதலில்: உங்கள் அணை கதவு உள்ளதா, வழிவதா?

இது தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. மோர்தானா நிரம்பினால் தானாக வழிகிற வகை. 11.5 மீட்டர் உயரம், கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கன அடி. கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்ததும் "அணையைத் திறந்து விட்டுட்டாங்க" என்று திட்டுவார்கள். நிரம்பிய பிறகு திறக்கவும் மூடவும் அங்கே ஒன்றுமில்லை, மேலிருந்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் வழியும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அணை ஒரு சொட்டு இல்லாமல் காய்ந்து கிடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10,000 கன அடி வந்தால் ஏழேகால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். முக்கால்வாசி நிரம்பியிருக்கும்போது அதே வெள்ளம் வந்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் இந்த வகை அணைக்குக் கீழே இருப்பவர்கள் "திறந்தார்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்னும் எத்தனை அடி காலி, மேலே ஆந்திரா பக்கத்து மலையில் மழை எப்படி என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

கதவு உள்ள அணை வேறு கதை. பழைய வட ஆற்காட்டில் இருந்த சாத்தனூர் அணைக்கு முழு மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்த அந்த அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது, தென்பெண்ணைக் கரை ஊர்கள் என்ன பாடு பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்றால் அணையில் காலி இடம் வேண்டும், பாசனத்துக்கு வேண்டும் என்றால் அணை நிறைந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அணையிடம் எதிர்பார்த்துவிட்டு, புயல் வரும் ராத்திரியில் அதிகாரி அதைச் சரிக்கட்டுவார் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

கரைக்கு வெளிப்பக்கம், அடியில் ஈரம் தெரிகிறது

மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், உடனே பயப்பட வேண்டாம். கசிவே இல்லாத மண் கரை கிடையாது. பார்க்க வேண்டியது மூன்று: தண்ணீர் தெளிவாக வருகிறதா, நேற்றைவிட இன்று அதிகமா, புது இடமா.

உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிகிற நிறமில்லாத தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், லேபிளை உரித்துவிடுங்கள். கசிவு விழுகிற இடத்தில் தரை மண் கலக்காமல் பாட்டில் வாயை மெதுவாக வைத்துப் பிடியுங்கள், கலங்கவிட்டால் அப்புறம் ஊரே தப்பாகப் பதறும். பிடித்ததை வெள்ளைத்தாள் மேல் அரைமணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் எதுவும் படியவில்லை என்றால் அது வெறும் கசிவு. கோடு போல மண் படிந்திருந்தால் தண்ணீர் வெளியே வருவதோடு கரையையும் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், கரைக்குள் குழாய் மாதிரி ஒரு பாதை விழ ஆரம்பித்திருக்கிறது. பாட்டிலில் தேதி, மணி, இடம் எழுதி வைத்துவிட்டு மறுநாளும் பிடியுங்கள். அளவுக்குப் பத்து லிட்டர் பக்கெட் போதும், நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பார்த்து அன்றைய அணை மட்டத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அணை மட்டம் ஏறினால் கசிவும் ஏறும், அது இயல்பு. மட்டம் அப்படியே நிற்கும்போது கசிவு மட்டும் கூடினால்தான் வில்லங்கம்.

மதகை ஒட்டி வரும் கசிவை மட்டும் எப்போதும் சந்தேகத்தோடு பாருங்கள். கல்லும் மண்ணும் சேருகிற இடம் அது, எவ்வளவு திமிசுக்கட்டை போட்டு இடித்தாலும் அந்தச் சந்தில் மண் சரியாக இறுகாது. பழைய ஏரிகளில் மதகு ஓரம்தான் முதலில் வாய் திறக்கும்.

செய்யக்கூடாதது: வெளிப்பக்கத்தில் களிமண்ணை அப்பி அடைப்பது, தார்ப்பாய் போட்டு மூடுவது, சிமெண்டு பூசுவது. நல்லெண்ணத்தில் நாலு பேர் சேர்ந்து செய்கிற காரியம் இதுதான், இதைவிடக் கெடுதலும் கிடையாது. வழியை அடைத்தால் தண்ணீர் நிற்காது, கரைக்குள்ளேயே அழுத்தம் ஏறி இன்னொரு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீரைப் போகவிட வேண்டும், மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். அதற்கு முதலில் மணல், அதன் மேல் முக்கால் இன்ச் ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி என்று அடுக்க வேண்டும். அதாவது வடிகட்டி. மணல் இல்லாவிட்டால் எம்-சாண்ட் போதும். அடைப்பதென்றால் தண்ணீர் நிற்கிற உட்பக்கத்தில்தான் அடைக்க வேண்டும், அதுவும் பொறியாளர் வந்து நின்று சொல்லித்தான். கரை ஓரம் நீர்ப்பரப்பில் சுழி தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் உள்ளே நுழைகிறது; அந்தச் சுழி பக்கம் யாரும் இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தவனும்தான்.

கரைக்குக் கீழே வயலில் தண்ணீர் கொப்பளிக்கிறது, சுற்றிலும் மணல் மேடு கட்டுகிறது

இது மேலே சொன்னதன் அண்ணன். கரைக்கு அடியில் இருக்கும் மணல் படுகை வழியாகத் தண்ணீர் பாய்ந்து வெளியே குமிழியிடுகிறது. பாலாற்றுப் படுகையும் அதன் ஓரமும் முழுக்க மணல் என்பதால் இங்கே இதற்கு வாய்ப்பு அதிகம். பார்ப்பதற்கு எறும்புப் புற்று மாதிரி ஒரு சின்ன வட்டம், நடுவில் மணல் துள்ளிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் கையை விட்டு விளையாடுவார்கள், விரட்டிவிடுங்கள்.

சுற்றி ஒரு வட்டமாக மணல் மூட்டை அடுக்க வேண்டும், கொப்பளிக்கும் வாயிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அடி தள்ளி. மூட்டைகளைச் செங்கல் அடுக்குகிற மாதிரி சந்து மாற்றி வைத்து, முக்கால் மூட்டை மட்டும் நிரப்பினால்தான் படிந்து உட்காரும். ஒரு பக்கம் தண்ணீர் வழிந்தோட வாய் விட்டுவிடுங்கள். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற கீழிருந்து வரும் வேகம் குறையும், ஒரு கட்டத்தில் மணல் துள்ளுவது நின்று தெளிந்த தண்ணீர் மட்டும் வரும். அந்த உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "இன்னும் நாலு வரிசை வைடா, முழுசா நின்னுடும்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார், கேட்காதீர்கள், தண்ணீரை முழுசாக நிறுத்தினால் பத்தடி தள்ளி இன்னொன்று கிளம்பும். ஒன்று தெரிந்தால் சுற்றுவட்டாரத்தில் வேறு இருக்கிறதா என்று வரப்பு வரப்பாகத் தேடுங்கள். அதே நேரம் இன்னொருவர் போனில் இருக்க வேண்டும்.

கரை மேல் விரிசல்

கரை நீளத்துக்கு ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கோடையில் களிமண் வெடிப்பது எங்கும் உண்டு, மேலோட்டமாக, வலை மாதிரி. அது மழை பெய்தால் மூடிக்கொள்ளும். நீளவாக்கில் ஒரே கோடாக ஓடி, இரண்டு முனையும் பிறை மாதிரி கீழ்ப்பக்கம் வளைந்து, ஒரு பக்கம் ஓரிரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் அந்தப் பக்கக் கரை சரியப் பார்க்கிறது. குறுக்கு விரிசல் அதைவிட மோசம், தண்ணீர் மட்டம் அதன் அடியைத் தொட்டால் நேராக ஊருக்குள் வழி.

விரிசலின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு முளைக்குச்சி அடித்து ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி அளந்து எழுதிவிடுங்கள். காலை மாலை அளங்கள். வளர்கிறதா இல்லையா என்பதுதான் பொறியாளர் வந்ததும் முதலில் கேட்பது. எவ்வளவு ஆழம் என்று பார்க்கச் சுண்ணாம்புக் கரைசலை விரிசலுக்குள் ஊற்றிவிட்டு, அணை மட்டம் இறங்கியிருக்கும் காலத்தில் குழி வெட்டினால் வெள்ளைக் கோடு எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். அதைத் துறை ஆட்கள் செய்வார்கள், நீங்கள் மண்வெட்டியோடு போகவேண்டாம். அதுவரை மழைத்தண்ணீர் விரிசலுக்குள் இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தார்ப்பாய்க்கு வேலை இங்கேதான். அந்த இடத்தில் டிராக்டர், டிப்பர் எதையும் விடாதீர்கள்.

கல், கான்கிரீட் அணை என்றால் வெள்ளையாக உப்பு மாதிரி படிந்திருப்பதைப் பார்க்கலாம், சுண்ணாம்பு கரைந்து வருகிறது. அவசரம் இல்லை, ஆனால் வருஷா வருஷம் போட்டோ எடுத்து ஒப்பிட வேண்டியது.

தண்ணீர் இறங்கிவிட்டது, இப்போதுதான் உட்கரை சரிகிறது

"தண்ணிதான் குறைஞ்சிடுச்சே, இனி என்ன" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாதக்கணக்கில் ஊறிய கரை உள்ளே நனைந்தே இருக்கும், வெளியே முட்டுக்கொடுத்து நின்ற தண்ணீர் மட்டும் சட்டென்று போய்விட்டால் உட்பக்கச் சரிவு பாரம் தாங்காமல் கல் பதிப்போடு சேர்ந்து வழுக்கி இறங்கும். அதனால்தான் மண் கரை உள்ள அணையைச் சாதாரணமாக ஒரு நாளில் ஓரடி போல மெதுவாக இறக்குவது வழக்கம். ராத்திரியோடு ராத்திரியாக மீன் பிடிக்க மதகை முழுக்கத் தூக்கிவிடுகிறவர்கள் நம் ஊர் ஏரிகளில் உண்டு. கரை சரிந்தால் அந்த மீனை விற்று மண்ணடிக்க முடியுமா என்ன.

ஷட்டர் அசையவில்லை

இது மழை வந்த அன்று கண்டுபிடிக்கிற விஷயமாகவே இருக்கக்கூடாது. ஆடி, ஆவணியில் ஒவ்வொரு ஷட்டரையும் முழுசாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும், திருகுத் தண்டுக்கு கிரீஸ், சங்கிலிக்கும் கயிற்றுக்கும் துரு பார்க்க வேண்டும், மோட்டார் இருந்தால் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து டீசல் நிரப்ப வேண்டும், கரண்ட் போகும் ராத்திரியில்தான் அது தேவைப்படும். கைச்சக்கரத்தின் கைப்பிடி எங்கே என்று ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது, அவருக்கு லீவு இருக்கும்.

அசையாத ஷட்டரை நாலு பேர் சேர்ந்து கம்பி போட்டு நெம்பினால் தண்டு வளைந்துவிடும், அப்புறம் மெக்கானிக் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் எது பிடிக்கிறது என்று பாருங்கள். அடியில் வண்டலா, மரக்கிளை மாட்டியிருக்கிறதா, ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா, பக்கச் சட்டத்தில் துருவா? கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏற்றி, மறுபடி இறக்கி, இப்படித் தளர்த்துவதுதான் முறை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2021 நவம்பர் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பாலாற்றில் வந்த வெள்ளம் நமக்கு மறக்காது, விரிஞ்சிபுரம் தரைப்பாலம் அந்த மாதம்தான் போனது. அதே மழையில், அதே நாளில், ஆந்திராவில் ராஜம்பேட்டை பக்கம் செய்யேற்றின் அன்னமய்யா அணையின் மண் கரை அடித்துக்கொண்டு போனது. மேலே இருந்த பிஞ்சா அணை முதலில் உடைந்து அந்த வெள்ளமும் சேர்ந்து வந்தது, அன்னமய்யா அணையின் ஐந்து கதவுகளில் ஒன்று வேலை செய்யவில்லை. கீழ் ஊர்கள் என்ன ஆயின என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நமக்கு அடுத்த கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் ஒரு கதவு உடைந்தது. துங்கபத்ராவில் 2024 ஆகஸ்டில் 19-ஆம் கதவின் சங்கிலி அறுந்து கதவே போய்விட்டது, தற்காலிகத் தடுப்பு இறக்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. அவ்வளவு பெரிய அணைக்கு ஒரு சங்கிலி.

தண்ணீர் கரை உச்சியை நெருங்குகிறது

மண் கரை மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கதை முடிந்தது, வெளிச்சரிவை அரித்துக்கொண்டே உச்சி வரைக்கும் வந்துவிடும். திண்டுக்கல் பக்கத்துக் குடகனாறு அணை 1977-ல் அப்படித்தான் உடைந்தது. அதனால் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் கோடி, அதாவது நிரம்பிய ஏரியின் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். அங்கே என்ன அடைத்திருக்கிறது?

பெரும்பாலும் நாமே அடைத்திருப்போம். இன்னும் ஓரடி தண்ணீர் நிற்கட்டும் என்று கோடி மேல் மணல் மூட்டை அடுக்குவது, கல் வைத்துக் கட்டுவது, மீன் போகாமல் வலை கட்டுவது. வலையில் குப்பை சேர்ந்தால் அதுவும் சுவர்தான். கோடி எத்தனை அகலம், எத்தனை உயரம் என்பதைக் கரை உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அந்த ஓரடி கரையின் காப்பிலிருந்து கழிகிற ஓரடி. ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கும் ஆயக்கட்டுக்காரருக்கு ஓரடி கூட வேண்டும், ஏரிக்குள் வீடு கட்டியவருக்கு ஓரடி குறைய வேண்டும். ஒருவர் பகலில் மூட்டை வைப்பார், மற்றவர் ராத்திரியில் கோடியை வெட்டிவிடுவார். இரண்டும் குற்றம், இரண்டும் ஆபத்து. வெட்டிய கோடி வெட்டிய அளவோடு நிற்காது.

கோடிக்குக் கீழே தண்ணீர் போக வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேலூர் சதுப்பேரி நிரம்பினால் கன்சால்பேட்டைக்குள்ளும், கழிஞ்சூர் ஏரி நிரம்பினால் வி.ஜி.ராவ் நகருக்குள்ளும் தண்ணீர் புகுவது ஏரியின் குற்றமில்லை, போகிற கால்வாய் குறுகிப்போனதுதான்.

கரையில் ஏதாவது ஒரு இடம் மட்டும் தாழ்ந்திருந்தால், ஆடுமாடு ஏறி இறங்கி, டூவீலர் தடம் விழுந்து பள்ளமாகியிருக்கும், அந்த இடத்துக்கு மட்டும் மூட்டை வைத்துச் சமப்படுத்தலாம். அது நியாயமான மூட்டை.

வேலிக்காத்தான், பொந்து

கரையில் வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம், மண்டினால் விரிசலும் கசிவும் கண்ணில் படாது, வேர் செத்தால் அது போன இடம் ஓட்டையாகும். ஆனால் அணை நிறைந்திருக்கும்போது ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்காதீர்கள், அது கரையைப் பிடுங்குவதற்குச் சமம். சித்திரை வைகாசியில் செய்து, குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இடித்து மூட வேண்டும். நண்டு வளை, பெருச்சாளிப் பொந்துக்கும் அதேதான்.

இங்கே மழையே இல்லை, ஆற்றில் தண்ணீர் செம்மண்ணாக ஏறுகிறது

ஓடுங்கள். அப்புறம் விசாரிக்கலாம்.

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33 கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. கௌண்டன்யாவுக்கும் பொன்னை ஆற்றுக்கும் நீர் பிடிக்கும் மலைகள் ஆந்திராவில். 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன வெள்ளம் மேலே மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து வந்தது. அப்போது தந்தி மட்டும்தான், இப்போது செல்போன் இருக்கிறது. மேலே உள்ள ஊர்களில் மாமன் மச்சான் யாராவது இருந்தால் மழை நாளில் ஒரு போன் போட்டு வையுங்கள். ஆற்றுத் தண்ணீரில் திடீரென்று மரம், வைக்கோல், செத்த கால்நடை மிதந்து வந்தால் மேலே ஏதோ உடைந்திருக்கிறது. தரைப்பாலத்தில் முழங்கால் ஆழம்தானே என்று பைக்கை இறக்காதீர்கள், அடியில் பாலம் இருக்கிறதா என்பதே தெரியாது.

யாரிடம் சொல்வது

2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டப்படி 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளுக்குள் வருபவையும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யப்பட வேண்டும், அவசரகாலத் திட்டம் ஒன்று எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் அணைக்கு அந்தத் திட்டம் இருக்கிறதா, உடைந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்ற வரைபடம் இருக்கிறதா என்று கிராமசபையில் கேளுங்கள், மனுவாகவும் கொடுங்கள். நம் ஏரிகளில் பெரும்பாலானவை இந்த உயரத்துக்குள் வராது, ஆகவே அந்தக் கரையில் சட்டப்படி யாரும் வந்து நடக்கப்போவதில்லை. ஊர்க்காரர்தான் நடக்க வேண்டும்.

போன் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. நீர்வளத்துறை உதவிப் பொறியாளர், வி.ஏ.ஓ. எண்களை இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள். பேசும்போது "கரை உடையப் போகுது சார்" என்று மட்டும் கத்தினால் எதிர்முனைக்கு எதுவும் புரியாது. இப்படிச் சொல்லுங்கள்: "சார், இன்ன ஏரி, தெற்கு மதகிலிருந்து கோடிப் பக்கம் நாற்பதடி தள்ளி, கரைக்கு வெளிப்பக்கம் அடியில் கசிவு. காலை ஆறு மணிக்குப் பக்கெட் நிரம்ப இருபது வினாடி, இப்போது பத்து. தண்ணீர் கலங்கல், பாட்டிலில் மண் படிகிறது. ஏரி மட்டம் ஏறவில்லை. கீழே முப்பது வீடு, ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மணல் இருக்கிறது, ஜல்லி வேண்டும்." பேசி முடித்ததும் லொக்கேஷனும் பாட்டில் போட்டோவும் அனுப்பிவிடுங்கள்.